நோட்டீஸில் ஒரு வரி

அன்புள்ள அக்கா,

எங்கள் குடியிருப்புப் பெண்கள் சிலர் சேர்ந்து, காசாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக நன்கொடை திரட்டுகிறோம். 'இது அரசியல், இங்கே கூடாது' என்கிறார் சங்கச் செயலாளர். 'எங்களுக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை' என்று நோட்டீஸிலேயே அச்சடித்துவிட்டோம். அப்படியும், 'உள்ளூர் அநாதைகள் இருக்க வெளிநாடு எதற்கு?' என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

சு., தஞ்சாவூர்

அன்புள்ள சு.,

உள்ளூர் அநாதைகளுக்காக உருகுகிறவர்களிடம், அவர்கள் நன்கொடை கொடுத்த ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். போதும்.

வீடு வீடாகப் படியேறிக் காசு கேட்பது லேசான காரியமில்லை. உங்கள் மேல் எனக்கு மிகுந்த பிரியம் உண்டு. ஆனால் அந்த நோட்டீஸ் வரியை யாரம்மா எழுதச் சொன்னார்கள்?

இங்கிலாந்துப் பெண்மணி எக்லன்டைன் ஜெப்பை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. 1918 நவம்பரில் முதல் உலகப் போர் ஓய்ந்த பிறகும் பிரிட்டன் உள்ளிட்ட நேச நாடுகள் கடல் முற்றுகையை விலக்கவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். 1919 ஏப்ரலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், எலும்பும் தோலுமான ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கையை ஜெப் விநியோகித்தார். தணிக்கை அனுமதி இல்லை என்று கைது செய்தார்கள். தன் வழக்கைத் தானே வாதாடினார். 5 பவுண்டு அபராதம். அந்தப் பணத்தை அரசு வழக்கறிஞரே கொடுத்தார்.

மேடைப் பேச்சாளர்கள் இந்த 5 பவுண்டுக்கு வந்ததும் கண் கலங்குவார்கள். எனக்கோ எரிச்சல் வரும். துண்டறிக்கையில் என்ன இருந்தது என்று ஒருவராவது சொல்கிறாரா? இந்தப் பட்டினிக்கு நம் முற்றுகைதான் காரணம் என்று அதில் அச்சாகியிருந்தது! பால் வாங்கப் பணம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தால் போலீஸ் ஏன் வரப்போகிறது? அந்த வழக்கறிஞரின் நல்ல மனதைப் பாராட்டியே அந்த வரியை மறக்கடித்துவிட்டோம்.

ஜெப்போடு கைதானவர் பார்பரா அயர்ட்டன் கோல்ட். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்; 1945இல் தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவர்கள் கைதான காலத்தில் முப்பது வயதைத் தாண்டிய, சொத்துத் தகுதியும் உள்ள பெண்களுக்குத்தான் அங்கே வாக்கு. அதுவும் 1918இல் கிடைத்தது. கிடைத்த மறு வருஷமே எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்காகச் சொந்த அரசாங்கத்தைக் கேள்வி கேட்டார்கள்.

அதே ஆண்டு மே மாதம் லண்டன் ஆல்பர்ட் ஹால் கூட்டத்தில் ஜெப் தொடங்கிய, குழந்தைகளுக்கு உதவும் 'சேவ் த சில்ட்ரன்' நிதி கட்சி சார்பற்றதுதானே என்பீர்கள். கட்சி சாராமல் இருப்பது வேறு, வாயைக் கட்டிக்கொள்வது வேறு.

செயலாளரிடம், 'ஆமாம், அரசியல்தான்' என்று சொல்லிவிடுங்கள். மிச்சமிருக்கும் நோட்டீஸ்களில் அந்த வரியைப் பேனாவால் அடித்தால் போதும். மறுபடி அச்சடித்துக் காசை வீணாக்க வேண்டாம். என் பங்கை எங்கே அனுப்புவது என்று எழுதுங்கள்.