மரவேலை: கேள்வி - பதில்

கேள்வி: பல வேலை மர மெஷினில் ரவுட்டர் (மரத்தில் பள்ளமும் ஓர வடிவமும் செதுக்கும் கருவி) மாட்டினேன். பிட் (அதன் வெட்டும் அலகு) நழுவுகிறது, வேப்பம்பலகையின் ஓரம் பிய்கிறது. ஏன்?
- வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு காலெட்டைப் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் கவ்வி) பாருங்கள். கால் அங்குலக் காலெட் என்பது 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. பிட்டைப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. அளவு சரியென்றால், உள்ளே ஒட்டிய மரப்பிசினைத் துடையுங்கள். பிட்டை அடிவரை தள்ளி 2 மி.மீ. வெளியே இழுத்து நட்டை இறுக்குங்கள். அடியில் முட்டியபடி இறுக்கினால் பிடி விழாது. நழுவும் பிட் ஆபத்து.

ஓரம் பிய்வதற்கு வேகமும் காரணமாகலாம். ரவுட்டர் பிட்டை மெஷினின் டிரில் தண்டில் மாட்டியிருந்தால், அதன் நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று போதாது. சின்ன பிட்டுக்கு நிமிடத்துக்கு 20,000 சுற்று வேண்டும். ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழம் போதும். பிட் சுழலும் திசைக்கு எதிராகவே பலகையைத் தள்ளுங்கள். நான்கு பக்கமும் செதுக்குவதானால், குறுக்கு முனையை (மரநார் குறுக்கே வெட்டுப்படும் பக்கம்) முதலில் முடியுங்கள்.