‘வான்ட்’ என்றால் விருப்பமா, இல்லாமையா?

கேள்வி: ஆங்கில விவிலியத்தின் 23-ஆம் சங்கீதத்தில் ‘ஐ ஷல் நாட் வான்ட்’ என்று வருவதைத் தமிழில் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘விரும்பமாட்டேன்’ என்றல்லவா இருக்க வேண்டும்? ‘வான்ட்’ என்பதே நம்முடைய ‘வேண்டு’ ஆங்கிலத்துக்குப் போய்த் திரிந்த சொல் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: தமிழ் விவிலியம் சரியாகவே சொல்கிறது. எபிரேய மூலத்தில் உள்ள வினைக்குக் குறைவுபடுதல் என்பதே பொருள். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் அதைத்தான் ‘வான்ட்’ என்று எழுதியது. இல்லாமை, குறைபாடு என்பதே அச்சொல்லின் பழைய பொருள். இல்லாதது தேவையாகிறது, தேவைப்படுவதை மனம் நாடுகிறது என்ற வழியில் பொருள் மெல்ல நகர்ந்து, விருப்பம் என்னும் இன்றைய வழக்கு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாகத் தலைகாட்டுகிறது. பழைய பொருளும் அடியோடு மறைந்துவிடவில்லை. 1941-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ‘ஃப்ரீடம் ஃப்ரம் வான்ட்’ என்று முழங்கியபோது ஆசையைத் துறக்கச் சொல்லவில்லை. வறுமையிலிருந்து விடுதலை என்றார். நாமும் ‘இன்மை’ என்று வறுமையைச் சொல்வதுண்டு.

‘வேண்டு’ பற்றிய ஊகம் ஒலியொப்புமையை மட்டும் நம்பி எழுந்தது. 9-ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் ‘வன்ர்’ என்றால் குறைவான என்று பொருள். அதன் அஃறிணை போன்ற பால் வடிவம் ‘வன்த்’. அந்த வடிவமும் அதையொட்டிய ‘வன்தா’ என்ற வினையுமே ஆங்கிலத்துக்குள் புகுந்தன. ஆகவே ‘வான்ட்’ என்பதன் இறுதியில் ஒலிக்கும் ‘ட்’ வேரைச் சேர்ந்ததே அன்று, நார்ஸ் இலக்கணத்தின் பால் விகுதி. அதைக் கழற்றிவிட்டால் ‘வேண்டு’ என்பதோடு ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ‘வேண்டு’ தெலுங்கின் ‘வேடு’, கன்னடத்தின் ‘பேடு’ ஆகியவற்றோடு பிறந்த திராவிடச் சொல். அவ்விரண்டுக்கும் இரத்தல், கெஞ்சுதல் என்பதே பொருள்.

விகுதி நீங்கிய வேரைப் பின்தொடர்ந்தால் சுவையான உறவுகள் கிடைக்கின்றன. நிலவு தேய்வதைக் குறிக்கும் ஆங்கில ‘வேன்’ (wane), வெறுமையைக் குறிக்கும் இலத்தீன் ‘வானுஸ்’, அதன் வழிவந்து, வீணான என்று பொருள்படும் ஆங்கில ‘வெய்ன்’ (vain) எல்லாம் இக்குடும்பம்தான். கட்டுப்பாடற்ற என்று பொருள்படும் ஆங்கில ‘வான்டன்’ (wanton) என்பதிலும் முதல் அசை இதுவே. வளர்ப்பில் குறைபட்டவன் என்பது அதன் தொடக்கப் பொருள். வடமொழியில் இவ்வேர் ‘ஊன’ என்று நிற்கிறது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டதே ‘ஊனம்’. ஆக, தமிழில் புழங்கும் சொற்களில் ‘வான்ட்’ என்பதற்கு உறவு தேட விரும்புவோர் ‘வேண்டு’ என்பதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளலாம். இந்தியில் பத்தொன்பதை ‘உன்னீஸ்’ என்பார்களே, அதன் முன்பாதியும் இந்த ‘ஊன’ தான்: இருபதுக்கு ஒன்று குறை.