கேள்வி பதில்: மசாஜ் தெரபிஸ்டாக நீண்ட நாள் நிலைக்க

அக்கா, படிப்பை முடித்து ஸ்பாவில் சேர்ந்திருக்கிறேன். ஒரு நாளில் ஏழு பேருக்குக்கூடச் செய்கிறேன். கட்டை விரலின் அடியில் வலி. பாட்டில் மூடியைத் திருகினால் சுரீர் என்கிறது. போகப் போகப் பழகிவிடுமா?

பழகாது. இப்படியே விட்டால் வலி கூடத்தான் செய்யும். கட்டை விரல் நுனியால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் அதன் அடிமூட்டில் பல மடங்காக இறங்குகிறது. மசாஜ் தொழிலை விட்டுப் போகிறவர்களில் நிறையப் பேரை அனுப்பிவைப்பது இந்தச் சின்ன மூட்டுதான். வலி அடங்கும்வரை கட்டை விரலை முழுமையாக ஒதுக்கி வையுங்கள்.

முதுகு, தொடை மாதிரிப் பெரிய பரப்புக்கு முன்கையைப் பயன்படுத்துங்கள். முழங்கைக்கு நாலு விரல் கீழே இருக்கும் சதைப்பகுதி அதற்குத் தோதானது. பாதத்துக்கு மடக்கிய விரல் முட்டிகள் போதும். பிட்டத்துத் தசைக்கு முழங்கை, அதுவும் மிக மெதுவாக. கட்டை விரல் தேவைப்படும் இடத்தில் அதை வளையவிடாமல் நேராக வைத்து, இன்னொரு கையால் மேலிருந்து தாங்குங்கள். விரல் திசை காட்டட்டும், தாங்கும் கை பாரத்தைக் கொடுக்கட்டும்.

மேசை உயரத்தையும் பாருங்கள். பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால், விரல் முட்டிகள் மேசைப் பரப்பைத் தொட வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் மேசை உயரம். இடுப்பு வளைந்தால் தாழ்வு. உடல் கனமானவர் படுத்தாலோ, ஒருக்களித்துப் படுத்தாலோ, முன்கையால் செய்யப்போகிறீர்கள் என்றாலோ இன்னும் இறக்குங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. பின்காலால் தரையைத் தள்ளி உடல் எடையைச் சாய்த்தால் கைக்கு வேலை குறையும்.

ஏழு பேர் அதிகம். கை வைத்துச் செய்யும் நேரம் நாளுக்கு 4 முதல் 5 மணி, வாரத்துக்கு 20 முதல் 25 மணி என்று நிறுத்துங்கள். ராத்திரியில் விரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்து தொழில் தொடங்கலாமா?

வேண்டாம். வேலை பார்க்கப்போகும் ஊரில் உரிமம் வேண்டுமா, எந்தப் பயிற்சியை ஏற்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். உரிமம் கேட்கும் பல இடங்களில் 500 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி தேவை. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்று கவனிக்க, எத்தனை மணி நேரம் நிஜ உடல்களில் பயிற்சி கிடைக்கும் என்று கேளுங்கள். உடற்கூறும், எந்த நோய்க்கு மசாஜ் கூடாது என்ற பாடமும் இல்லாத வகுப்பில் சேர வேண்டாம். நீவுதல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல், அதிர்வு ஆகிய ஐந்தும் கையில் படிந்த பிறகு புதுப்புது முறைகளைத் தேடலாம்.

மேடம், ஒருவர் நீண்ட பயணம் முடித்து வந்து, ஒரு கெண்டைக்கால் மட்டும் வலிக்கிறது, அதை நல்லா அழுத்திவிடுங்கள் என்கிறார். செய்யலாமா?

தொடக்கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, வலிக்கிறது என்றால் ஆழ்நாளத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம். அழுத்தினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும், உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றும் சொன்னால் உடனே அவசர சிகிச்சைதான். வீக்கமோ சிவப்போ இல்லாமல் வலி மட்டும் இருந்தாலும், பயணமோ அறுவை சிகிச்சையோ நீண்ட படுக்கையோ முன்னால் இருந்தால் இதே முடிவுதான்.

காய்ச்சல், தொற்றுள்ள தோல் நோய் இருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். புதுச் சுளுக்கில் முதல் இரண்டு மூன்று நாள் கை வைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு லேசாகவே செய்ய வேண்டும், இல்லையென்றால் உடம்பெல்லாம் கன்றிப்போகும். எலும்பு வலுவிழந்த முதியவர்களுக்கு முதுகில் பாரம் போட்டால் விலா முறியலாம். கர்ப்பிணியை ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள்; கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் கட்டும் என்பதால் காலில் ஆழமான அழுத்தம் வேண்டாம். முன்கழுத்து, அக்குள், கவட்டை, முழங்காலின் பின்குழி: ரத்தக்குழாயும் நரம்பும் மேலாகவே ஓடும் இடங்கள், யாருக்குமே அங்கே ஆழமாக அழுத்தக்கூடாது.

இதையெல்லாம் ஆள் படுத்த பிறகு கேட்டுப் பயனில்லை. முன்பே படிவத்தில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் "மாத்திரை ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேளுங்கள்.

"இன்னும் அழுத்துங்க, இன்னும்" என்று கேட்டுக்கொண்டே இருப்பவரை எப்படிச் சமாளிப்பது?

அழுத்தம் பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள்; ஏழுக்கு மேல் போகவிடாதீர்கள். அவர் மூச்சை அடக்கினாலோ கால்விரலை மடக்கினாலோ, வாய் என்ன சொன்னாலும் அளவு மீறிவிட்டது. வலிக்குப் பயந்து தசை இறுகிக்கொள்ளும், நீங்கள் அதோடு மல்லுக்கட்டுவீர்கள். பலத்தைக் கூட்டாமல் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். அதே அழுத்தம் ஆழமாக இறங்குவது அவருக்கே தெரியும்.

எண்ணெய் எவ்வளவு?

முழு உடம்புக்கு 20 முதல் 30 மில்லி போதும். ரோமம் அடர்ந்த உடம்புக்குக் கொஞ்சம் கூடும். வாசனைத் தைலம் கலந்தால் 100 மில்லிக்கு 1 முதல் 2 மில்லிக்கு மேல் போகாதீர்கள். பாதாம் எண்ணெய்க்கு முன் கொட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்பது கட்டாயம்.

தனியாகத் தொடங்கப்போகிறேன். கட்டணத்தை எப்படி வைப்பது?

60 நிமிட மசாஜ் உங்கள் நாளில் 90 நிமிடத்தை எடுக்கும். பேச்சு, விரிப்பு மாற்றம், குறிப்பு எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். மாத வாடகை, எண்ணெய், சலவை, காப்பீடு, வரி, உங்களுக்கு வேண்டிய சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, நிஜமாக வரக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். அட்டவணை நிரம்பி வழியும் என்று நினைத்து வகுத்தால் முதல் மாதமே கையைக் கடிக்கும். வர வேண்டிய நேரத்துக்கு 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது ரத்து செய்தால் கட்டணம் உண்டு என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். விலையைக் குறைத்து ஆள் பிடிப்பதைவிட, போன முறை எந்தத் தோள் இறுகியிருந்தது என்று எழுதிவைத்து அங்கிருந்து தொடங்குவது அவரைத் திரும்ப அழைத்துவரும்.

மசாஜுக்கு வருபவர் தகாத முறையில் பேசினால்?

ஒரு முறை தெளிவாக மறுத்துச் சொல்லுங்கள். திரும்பவும் பேசினாலோ, கை நீட்டினாலோ, "மசாஜ் இத்துடன் முடிந்தது" என்று சொல்லி அறையை விட்டு வெளியேறுங்கள். முழுக் கட்டணம் உண்டு, மறுபதிவு கிடையாது. அன்றே நடந்ததை நேரத்தோடு எழுதிவையுங்கள். ஆதரவு தராத முதலாளியிடம் நீடிக்க வேண்டாம்.

துண்டுகளில் எண்ணெய் வாடை போகவே மாட்டேன் என்கிறது.

துவைத்தும் எண்ணெய் தங்கி சிக்குப் பிடித்துவிட்டது. அன்றன்றைக்கே, துணி தாங்கும் அளவு சூடான நீரில் துவையுங்கள். வாடை போகாததைக் கழித்துவிடுங்கள். எண்ணெய் ஊறிய துணியை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு, சூட்டோடு மடித்துக் குவித்தால் உள்ளுக்குள் வெப்பம் ஏறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். ஆறவைத்த பிறகே அடுக்குங்கள்.