ஜிலேபி கெண்டையின் மண்ணீரலில் வெள்ளைப் புள்ளிகள்: வாசகர் கேள்விகள்

மார்கழி பிறந்ததிலிருந்து கிஃப்ட் திலேப்பியா (ஜிலேபி கெண்டையின் மேம்படுத்திய ரகம்) குஞ்சுகள் தினமும் நாலைந்து சாகின்றன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். மண்ணீரல் வீங்கி, ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். என்ன நோய்? (பாகூர்)

அறுத்துப் பார்த்தது நல்ல காரியம். உடல் கறுப்பது, தீவனம் எடுக்காதது, செவுள் வெளிறுவது எல்லாம் பல நோய்களில் வரும். உங்கள் மீனுக்கு ஃபிரான்சிசெல்லோசிஸ் இருக்கலாம். ஃபிரான்சிசெல்லா ஓரியன்டாலிஸ் என்ற பாக்டீரியா தருவது இது. தைவான், தாய்லாந்து, கோஸ்டாரிகா, பிரேசில் பண்ணைகளை ஏற்கெனவே படுத்தி எடுத்திருக்கிறது.

ஆனால் புள்ளியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மீன் காசநோயிலும் இதே புள்ளிகள் வரும். அமிலச் சாயச் சோதனையில் காசநோய்க் கிருமி சிவப்பாகத் தெரியும், ஃபிரான்சிசெல்லா அப்படித் தெரியாது. இன்னொன்று: ஃபிரான்சிசெல்லா, ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் சாதாரண ஊடகத்தில் வளராது. சிஸ்டைனும் ரத்தமும் சேர்த்த ஊடகம் வேண்டும். அதனால் ‘ஒன்றும் வளரவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதி அடையாமல், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை கேளுங்கள். செத்து ஊதிய மீன் பயன்படாது. சாகும் நிலையில் உள்ள மீனின் மண்ணீரல், சிறுநீரகத் துண்டுகளை எத்தனாலில் போட்டு அனுப்புங்கள். அனுப்பும் முன் ஆய்வகத்தில் போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தேன். சாவு நின்றது. இரண்டு வாரத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. மருந்து போலியா? (புவனகிரி)

மருந்தைக் குறை சொல்லவேண்டாம். கிருமியை விழுங்கிக் கொல்லவேண்டிய வெள்ளை அணுவுக்குள்ளேயே இது குடியிருந்து பெருகுகிறது. மருந்து அங்கே போய்ச் சேரவேண்டும், அதுவும் போதிய நாள். புளோர்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் வேலை செய்யும். ஆனால் நோய் தொடங்கியவுடன் கொடுத்தால்தான். முற்றிய மீன் தீவனத்தையே தொடாதே, மருந்து எப்படி உள்ளே போகும்? அளவு, நாள், பிடிப்புக்கு முன் விடவேண்டிய இடைவெளி எல்லாவற்றையும் மீன்நோய் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கடைக்காரர் சொன்னார் என்று குளோராம்பெனிகால் பக்கம் போகவேண்டாம். அது தடைசெய்யப்பட்டது.

இந்த மீனைச் சாப்பிடலாமா? (கடலூர் முதுநகர்)

மனிதருக்கு டுலரீமியா என்ற காய்ச்சல் நோயைத் தருவது இதே பேரினத்தின் வேறொரு கிருமி, இது அல்ல. இருந்தாலும் புள்ளி விழுந்த மீனை யார் வாங்குவார்கள்? விற்காதீர்கள். அறுக்கும்போது கையுறை போடுங்கள். மேலே சொன்ன மீன் காசநோய்க் கிருமி கைக்காயத்தின் வழியே நமக்குத் தொற்றும்.

சித்திரையில் எங்கள் குளத்து மீன்கள் கண் பிதுங்கி, சுற்றிச் சுற்றி நீந்திச் செத்தன. அதுவும் இதுதானா? (சிதம்பரம்)

அநேகமாக அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியா. அது தருவது வெயில் காலத்து நோய். ஃபிரான்சிசெல்லா இதற்கு நேர் எதிர்: நீரின் வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்கும்போது ஆடும், 30 டிகிரியில் சாவு பெரிதும் அடங்கிவிடும். நம் பக்கம் மார்கழி, தையில்தான் குளம் அந்த அளவுக்குக் குளிரும். எனவே விடியற்காலையில் ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். குளிர் விலகும்வரை புதுக் குஞ்சு வாங்கி இறக்காதீர்கள், ஒரு குளத்து வலையை இன்னொன்றில் போடாதீர்கள், செத்ததை அன்றன்றே எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.