தாத்தா விட்டுச்சென்ற பழுப்புக் கல் அரிய கனிமமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் கல்லும் ஏதோ மாத்திரை டப்பாவில் பஞ்சு சுற்றிக் கிடக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் கிடந்தது.

மணவாளக்குறிச்சி எனக்கு. தாத்தா இலங்கையில் இரத்தினபுரிக் கடையொன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த கல். சுண்டைக்காய் அளவு, தேன் நிறம், பட்டை தீட்டியது. அம்மாவுக்கு அது புஷ்பராகம், அதாவது மஞ்சள் சஃபையர். நாகர்கோவிலில் ஒரு நகைக்கடைக்காரர் லென்ஸ்கூட எடுக்காமல், "வெறும் கண்ணாடி, பிள்ளைகளுக்கு விளையாடக் குடுங்க" என்று விரலால் சுண்டித் தள்ளினார். அதை இன்னும் மறக்கவில்லை.

வீம்புக்கு நானே எடை பார்த்தேன். கல் 2.09 கிராம். தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கினால் 0.60 காட்டியது. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி 3.48. (கல்லில் குமிழி ஒட்டினால் கணக்குத் தப்பும். எனக்கு இரண்டு தடவை தப்பியது.) புஷ்பராகம் என்றால் 4 வரவேண்டும், சாதாரணக் கண்ணாடி என்றால் 2.5. 'டோபாஸும் 3.5தானே' என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும். லென்ஸில் பார்த்தபோது பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. டோபாஸில் அப்படித் தெரியாது. பெரிடாட் என்ற பச்சைக் கல்லில் தெரியும், ஆனால் அதன் அடர்த்தி 3.34தான்.

அப்புறம் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். சின்ஹலைட் என்று வந்தது. மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த போரேட், அதாவது போரானும் ஆக்சிஜனும் உள்ள கனிமம். 1952 வரை இதைப் பழுப்பு பெரிடாட் என்றே விற்றார்கள். எக்ஸ்ரே ஆய்வில்தான் தனிக் கனிமம் என்று தெரிந்து, இலங்கையின் பழைய பெயரை வைத்தார்கள். பெயரைப் பார்த்துச் சண்டைக்கு வராதீர்கள், வைத்தவன் நானில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் கடற்கரை மண்ணில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கிடக்கிறது. அந்தக் கறுப்பு மண்ணில் கால் சுட நடந்து பள்ளிக்கூடம் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வாத்தியார்கூட ஒரு பிடி அள்ளிக் காட்டி, 'இதுல என்ன இருக்குன்னு தெரியுமாடே' என்று கேட்டதில்லை.

சரி, விலை? அரிய கல் என்பதாலேயே பணம் கொட்டாது. பெயர் தெரிந்து தேடுகிற சேகரிப்பாளர் கிடைத்தால்தான் உண்டு. நான் விற்கவில்லை. ஆய்வகத் தாளோடு அதே நகைக்கடைக்குப் போனேன், மறைப்பானேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "மோதிரத்துல பதிச்சிரலாமா சார்?" என்றார்.