வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: விழுந்த பிறகு வரும் அச்சம்

கேள்வி: என் தாயாருக்கு 71 வயது. தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தனியாக வசிக்கிறார். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்றாலும், அன்றிலிருந்து வாசலுக்கு வரவே அஞ்சுகிறார். வயதானால் இப்படித்தான் என்கிறார்கள் உறவினர்கள். இதில் பொதுச் சுகாதாரத் துறை செய்யக்கூடியது ஏதேனும் உண்டா, அல்லது இது முழுக்க எங்கள் குடும்பத்தின் பாடுதானா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: உறவினர்கள் சொல்வதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. முதியவர் ஒருவர் விழுந்தால் அதற்குக் காரணம் உண்டு, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு: ஈரத் தரை, மங்கிய விளக்கு, கண்புரை, மெலிந்துபோன தொடைத் தசை, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று தாழ்த்திவிடும் மாத்திரை. இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள் என்றும், அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று அழைக்க வேறு சான்று வேண்டியதில்லை.

எனக்கு உங்கள் தாயார் விழுந்ததைவிட, அதன் பிறகு அவர் அஞ்சுவதே அதிகக் கவலை தருகிறது. அஞ்சுபவர் நடப்பதைக் குறைத்துக்கொள்வார். நடக்காத காலில் தசை கரையும். தசை கரைந்த கால் அடுத்த முறை இன்னும் எளிதாகத் தடுமாறும். இந்தச் சுழலை வீட்டுக்கு வந்து உடைக்க ஆள் வேண்டும். அப்படி வருவதற்கென்றே தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று, உங்கள் ஊருக்கு அருகில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் செவிலியரின் பராமரிப்பும் இத்திட்டத்திலேயே அடங்கும். தாயாரின் பெயர் தன்னார்வலரின் பட்டியலில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். விழுந்த செய்தியையும் அச்சத்தையும் தெளிவாகச் சொல்லி, இயன்முறைச் சிகிச்சையாளரை அனுப்பும்படி கேளுங்கள்.

இரத்த அழுத்தம் பார்க்க வருபவரிடம், படுத்து ஐந்து நிமிடம் ஆனபின் ஒரு முறையும், எழுந்து நின்ற முதலாம், மூன்றாம் நிமிடங்களில் ஒவ்வொரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 புள்ளிகளோ அதற்கு மேலோ குறைந்தால், மருத்துவர் மாத்திரையின் அளவையோ வேளையையோ மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கண்புரை இருந்தால் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. யாரேனும் அருகில் நிற்க, சுவரோரம் போட்ட அசையாத நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம்.

முதியோருக்கான மருத்துவத்தில் சென்னைக்கு நீண்ட மரபு உண்டு. 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் புறநோயாளிப் பிரிவு தொடங்கப்பட்டது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. சிக்கலான நோய்களுக்கு அது பெரும் துணை. ஆனால் உங்கள் தாயாரின் இன்றைய நிலைக்கு, தெருமுனையிலிருந்து நடந்து வரும் அந்தத் தன்னார்வலரே அதைவிட முக்கியமானவர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். மருத்துவம் எங்கள் கையில் இல்லை. எங்கள் ஊர் முதியோருக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதியோரின் நலத்தில் பெரும்பகுதி உங்கள் கையில்தான் இருக்கிறது. நியாயவிலைக் கடைக்கும் சுகாதார நிலையத்துக்கும் போகும் வழியில் தெருவிளக்கு எரிகிறதா, இடையில் உட்கார நிழலில் திண்ணையோ பலகையோ உண்டா, படிகளில் கைப்பிடி இருக்கிறதா, பொதுக் கழிப்பறையில் முழங்கால் வலிப்பவர் உட்கார்ந்து எழ முடிகிறதா என்று 70 வயதுக்காரர் ஒருவரோடு நடந்து பாருங்கள். அவர் நிற்கும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக முன்வையுங்கள். அன்று வீட்டிலிருந்து வர இயலாத முதியவர்களின் பெயர்களையும் படித்து, கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் ஒப்படையுங்கள்.