30 பேருக்குக் கோஸ் பொரியல்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை குடும்ப விருந்துக்கு என் பங்கு காய்கறி. கோஸ் பொரியல் செய்தால் எப்போதும் தண்ணீர் விட்டுக் குழைகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: 3 கிலோ கோஸ் தாராளம். கழுவிவிட்டு நறுக்குங்கள்; நறுக்கிக் கழுவினால் ஈரம் நிற்கும். ஒரே சட்டியில் குவித்தால் காய் வதங்காது, தன் நீரிலேயே அவியும். இரண்டு தடவையாகப் போடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் 4, கறிவேப்பிலை, பெரிய வெங்காயம் 2, மஞ்சள் அரைத் தேக்கரண்டி. பெருந்தீயில், மூடாமல், 6, 7 நிமிடம் கிளறுங்கள். உப்பு கடைசியில்தான்; முதலில் போட்டால் நீர் கக்கும். தேங்காய்ப்பூவைப் பரிமாறும்போது தூவுங்கள். காலையிலேயே கலந்தால் நம் ஊர் வெயிலுக்கு மதியம் ஊசிவிடும். சந்தையில் கோஸ் விலை ஏறியிருந்தால் பாதிக்குத் தவ்கே (பயற்று முளை) சேர்க்கலாம், ஆனால் அதற்கு 2 நிமிடம் போதும்.